மூன்று தட்டு

முதலில் ஏசி நின்றது.
பிறகு டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு,
அதற்குத் துணையாக இன்னொன்று.
சாங்கிக்குப் போகவேண்டிய குடும்பம் பின்னிருக்கையில்,
நான்கு பெட்டிகள் டிக்கியில்.
தீவு விரைவுச்சாலையின் ஓரத்தில்
என் கார் பெருமூச்சு விட்டு உட்கார்ந்துகொண்டது.
யாரும் திட்டவில்லை. செல்பேசியைத் தட்டினார்கள்.
ஆறு நிமிடத்தில் வேறொருவர் வந்தார்.
எனக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது.

காக்கி புக்கிட் பட்டறையில்
திரு கோ பானட்டைத் திறந்து
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பல் மருத்துவர்கள்தான் இப்படி மௌனம் காப்பார்கள்.
பிறகு டார்ச்சை என் கையில் கொடுத்து
"நீயே பார்" என்றார்.
பச்சை வயர், சிவப்பு வயர்,
ஊதாக்கோடு போட்ட வெள்ளை வயர்,
பொரியலுக்கு நறுக்கிய பயற்றங்காய் மாதிரி.
"உறையில் சோயா கலக்கிறார்களாம்.
உனக்குத் தௌஹூ, அவனுக்கு இது."

ஆயிரத்து அறுநூற்று நாற்பது வெள்ளி, கூலி தனி.
எலி ஆண்டில் பிறந்தவராம் அவர்.
"கூலியில் கொஞ்சம் குறைக்கிறேன்,
சொந்தக்காரன் செய்த வேலையாகிவிட்டது."

காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் கூடு.
டிஷ்யூ, இருக்கைப் பஞ்சு, கோழி எலும்பு ஒன்று,
கீற்றுக் கீற்றாய்
என் மகன் செழியனின் சொல்வதெழுதுதல் தாள்.
தொலைத்துவிட்டான் என்று
ஒரு வாரம் அவனைத் திட்டிய தாள்.
தொலைக்கவில்லை, இருக்கைக்கு அடியில் ஒளித்திருக்கிறான்.
பத்துக்கு நான்கு என்று
மிச்சமிருந்த மூலை சொன்னது.
பொறுக்கியதில் முழுதாகத் தேறிய சொல் ஒன்றே ஒன்று:
விருந்தோம்பல்.
அதையும் தப்பாக எழுதி
ஆசிரியர் சிவப்பில் திருத்தியிருந்தார்.

புதினா எண்ணெய் தெளித்தேன்.
மசாஜ் கடைக்குள் வந்துவிட்டேனா என்றார் ஒரு பயணி.
அந்துருண்டை வைத்தேன்,
தலைவலி எனக்குத்தான் வந்தது.
பசைத்தட்டு வைத்த மூன்றாம் காலை
அதில் உயிரோடு ஒன்று.
உள்ளங்கையில் பாதி, மிளகுக் கண்கள்.
அது பார்த்த பார்வையில் கெஞ்சல் இல்லை, அவசரம்தான்,
வேலைக்கு நேரமாகிவிட்டவரைப் போல.
சமையல் எண்ணெய் ஊற்றி
ஒவ்வொரு காலாக விடுவித்தேன்.
திரு கோவிடம் சொல்லிவிடாதீர்கள்.

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு.
போன ஆண்டு, கார் கழுவிய மறுநாள்,
பானட்டிலிருந்து கண்ணாடிவரை
பாதத் தடங்கள் ஏறிப் போயிருந்தன.
எங்கள் ஈசூன் கார்ப்பேட்டையில்
இரவு பூனைகளுக்குச் சோறு வைப்பவர்
பக்கத்துப் புளோக் திருவாட்டி ரொஹானி.
நகர மன்றத்துக்கு எழுதினேன்,
நான்கு படங்கள் இணைத்து,
'உடனடி நடவடிக்கை' என்று முடித்து.
எடுத்தார்கள்.
பூனைகள் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை.
பேட்டை சுத்தமாக இருந்தது.
அந்தச் சுத்தத்தில்தான் இவை குடிவந்தன.

நேற்று அவர் கதவைத் தட்டினேன்,
கையில் இரண்டு கிலோ பூனை உணவு.
மலாயில் எனக்குத் தெரிந்த மன்னிப்பு
ஒற்றைச் சொல். அதைச் சொன்னேன்.
பையை வாங்கி, கையால் எடை பார்த்து,
"படம் எடுத்தது நீங்கள்தானா?" என்றார்.
கோபமாகக் கேட்டிருந்தால்
எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இப்போது அதிகாலை நான்கரை, மூன்றாம் தளம்.
பானட்டில் ஒரு சாம்பல் பூனை.
பழையவற்றில் ஒன்றல்ல,
காதுமுனை கத்தரித்த புதிய ஆள்.
நள்ளிரவில் நான் விட்டுப்போன சூடு எப்போதோ ஆறியிருக்கும்,
ஆனாலும் படுத்திருக்கிறது.
முதல் பயணி உட்லண்ட்ஸில்,
ஏழு நிமிடம் என்கிறது செயலி.
பானட்டை மூன்று முறை தட்டுகிறேன்,
மேலே இருப்பவருக்கும்
உள்ளே இருக்கக்கூடியவருக்கும் சேர்த்து.
பூனை ஒரு கண்ணைத் திறந்து மூடுகிறது.
உள்ளே ஏதோ கீறுகிறது,
அல்லது என் காது.
எட்டு நிமிடம் என்கிறது செயலி.
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
நிற்கிறேன்.